அசைபோட ஓர் அறை

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அசைவதில்லை என்பது கல்யாணத்துக்கு முன்பே நான் எடுத்த தீர்மானம். மற்ற தீர்மானங்கள் எல்லாம் கல்யாணத்தன்றே காலாவதியாகிவிட்டன. இது ஒன்று மட்டும் எப்படியோ பிழைத்துக் கிடந்தது.

பிழைத்ததற்குக் காரணம் எங்கள் வீட்டுப் பின்னறை. வீட்டை ஒட்டிய சந்து வழியாகத்தான் அதற்கு வாசல். அதில் ஒரு சாய்வு நாற்காலி, ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே புல்வெளி. சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தால், வெயில் ஒரு பூனையைப் போல உள்ளே வந்து என் காலடியில் படுத்துக்கொள்ளும். வெளியே நாலைந்து மாடுகள் புல்லில் படுத்திருக்கும். அவற்றின் தாடை மட்டும் இடமும் வலமுமாகப் போய்க்கொண்டிருக்கும். கண் பாதி மூடியிருக்கும். என் கண்ணும் பாதி மூடியிருக்கும். யாரைப் பார்த்து யார் தூங்குகிறோம் என்றே தெரியாத ஒரு நிலை. முனிவர்கள் காட்டுக்குப் போய் இதைத்தான் தேடினார்கள் என்று நினைக்கிறேன். அவர்களுக்குப் பின்னறை கிடைக்கவில்லை, பாவம்.

நான் பள்ளிக்கூடங்களுக்கு மாதிரி உருவங்கள் செய்கிறவன். காகிதக் கூழ், பசை, சாயம் இவற்றை வைத்து இதயம், காது, கண், கல்லீரல் என்று செய்து கொடுப்பேன். உடம்பைப் பிரித்து மேய்வதுதான் என் தொழில் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வேன். பட்டறை அடுத்த தெருவில் இருக்கிறது.

என் மனைவி மாட்டு டாக்டர். காலையில் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவாள். சாயங்காலமானால் அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் ஆடு மாடுகளை எங்கள் வாசலுக்கே ஓட்டி வருவார்கள். அவள் தெருவிலேயே நின்று ஊசி போடுவாள். மாடுகள் அவள் குரலைக் கேட்டதும் அடங்கி நிற்கும். நான் முதல் தடவை கேட்டபோதே அடங்கிவிட்டேன்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், ஒரு மதியம் நான் பின்னறைக்குள் நுழையப் போனேன். வாசற்படியில் தச்சர் உட்கார்ந்து கதவை அளந்துகொண்டிருந்தார். என்ன விஷயம் என்று கேட்டேன்.

"கதவை அகலமாக்கணும்னு அம்மா சொன்னாங்க சார். இப்ப இருக்கிறது கொம்புக்குப் பத்தாதாம்."

என் அறைக்குள் கொம்போடு நுழையப் போவது யார் என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை. அறையை வைத்தியசாலையாக்கத் திட்டம் போட்டிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜீரணிக்க முடியாத செய்தி அது.

நேராகப் போய் அவளிடமே கேட்டிருக்கலாம். ஆனால் என் மனைவியிடம் நேரான கேள்வி கேட்டால் நேரான பதில் வரும். அந்த ஆபத்தை நான் பொதுவாக விலக்கியே வைத்திருக்கிறேன். இதற்குத் தந்திரம்தான் சரி. அதுவும் டாக்டர் மறுக்க முடியாத தந்திரமாக, விஞ்ஞானத் தந்திரமாக இருக்க வேண்டும்.

அந்தச் சமயம் பார்த்து ஒரு பள்ளிக்கூடம் என்னிடம் இரண்டு வயிறுகள் கேட்டிருந்தது. மனித வயிறு ஒன்று, மாட்டு வயிறு ஒன்று. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, சாப்பாடு எங்கே போகிறது, என்னவாகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக.

மனித வயிற்றைச் சீக்கிரம் முடித்துவிட்டேன். ஒற்றை அறைக் குடித்தனம் அது. வாயில் மெல்லுகிறோம், எச்சில் கலக்கிறது, விழுங்குகிறோம். பைக்குள் விழுந்ததை அமிலம் போட்டுக் கடைந்து கூழாக்கிச் சிறுகுடலுக்குத் தள்ளிவிடுகிறது வயிறு. சிறுகுடல்தான் சத்தை உறிஞ்சுகிறது. பெயர்தான் சிறுகுடல், நீட்டிப் போட்டால் எங்கள் கூடத்தில் அடங்காது. மிச்சம் பெருங்குடலுக்குப் போகிறது. ஓய்வு ஒழிச்சல் இல்லாத வாழ்க்கை.

மாட்டு வயிறு அப்படி இல்லை. அது நாலு அறை வீடு. வேலை செய்யச் செய்ய எனக்கு அதன் மேல் ஒரு காதலே வந்துவிட்டது. முதல் அறை பெரிய மண்டபம். மாடு அவசரமாக மேய்ந்து விழுங்கிய புல் எல்லாம் அங்கே வந்து மிதக்கும். கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருட்டில், கதகதப்பில், அவசரமே இல்லாமல் அந்தப் புல்லை ஊறவைத்து நொதிக்க வைக்கும். பக்கத்து அறையின் சுவர் தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாக இருக்கும். அந்த இரண்டு அறையும் சேர்ந்து, ஊறிய புல்லைக் கவளம் கவளமாகத் திருப்பி வாய்க்கு அனுப்பும். மாடு நிழலில் படுத்துக்கொண்டு அதை நிதானமாக அரைக்கும். மூன்றாவது அறையில் புத்தகத் தாள்போல மடிப்பு மடிப்பாகத் தோல். அது தண்ணீரைப் பிழிந்தெடுக்கும். நாலாவதுதான் நம்முடையதைப் போன்ற வயிறு.

தேன்கூட்டு அறைக்குச் சாயம் பூசும்போது நான் உள்ளேயே நடந்து போவதுபோல் இருந்தது. மங்கலான வெளிச்சம். கீழே மெத்தென்று ஈரப் புல். தூரத்தில் ஏதோ கடல் போல அலையடிக்கும் சத்தம். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. யாரும் எதையும் வாங்கிவரச் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ, தூரிகை காய்ந்து கட்டையாகிவிட்டது.

அங்கேதான் எனக்குத் திட்டம் பிறந்தது.

மறுநாள் மதியம் சாப்பிடும்போது ஒவ்வொரு வாயையும் மெல்ல மெல்ல மென்றேன். அவள் கையைக் கழுவிவிட்டு வந்தும் நான் பாதியில்தான் இருந்தேன். பல் வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை, நான் ஒரு முக்கியமான உண்மையைக் கண்டுபிடித்திருக்கிறேன் என்றேன். மனிதனுடைய அஜீரணத்துக்கெல்லாம் காரணம் அவன் அசைபோடாததுதான். மாடு மேய்கிற நேரத்துக்குச் சமமாகப் படுத்து அசைபோடுகிறது, அதனால்தான் அது நிம்மதியாக இருக்கிறது. எனக்கும் சாப்பாட்டுக்குப் பிறகு, அமைதியான, தனியான, ஜன்னல் வைத்த ஓர் அறையில் நீண்ட நேரம் சாய்ந்திருப்பது உடம்புக்கு அத்தியாவசியம் என்று விளக்கினேன். 'ஓர் அறை' என்பதைச் சற்று அழுத்திச் சொன்னேன்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கவலையோடு என்னைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"எப்படி?"

"சாப்பிட்டதும் கண்ணு சொருகுது, உடம்பு அசைய மாட்டேங்குது..."

"ரொம்ப நாளா."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே. இடது பக்கம் தெரியற மாதிரி நில்லுங்க."

ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து வந்தாள். என் இடது விலாவுக்குக் கீழே முஷ்டியை மடக்கி வைத்து அழுத்திக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். மாட்டின் பெரிய வயிறு இடது பக்கம் இருக்கும் என்பதும், அது எத்தனை தடவை சுருங்கி விரிகிறது என்பதை அப்படித்தான் பார்ப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். மனிதனுக்கு ஏன் இப்படிப் பார்க்கிறாய் என்று கேட்கலாமா என்று யோசித்தேன். ஆனால் மாடு மாதிரி நானும் என்று வாதம் செய்தவன் நான்தானே. சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நீங்க சொல்றது சரிதாங்க" என்றாள் கடைசியில். "உங்களுக்கு அசைபோட வசதி பண்ணித்தான் ஆகணும்."

என் காதுகளை என்னால் நம்ப முடியவில்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் 'நீங்க சொல்றது சரி' என்ற வாக்கியம் அதற்கு முன் வந்ததாக ஞாபகம் இல்லை. அந்த மயக்கத்தில், அடுத்து அவள் சொன்னதை நான் சரியாகக் கவனிக்கவில்லை. அடைத்த அறைக்குள் கட்டிவைத்த மாடு சரியாக அசைபோடாது, அதற்குக் காற்றும் நிழலும் வேண்டும் என்றாள். அதனால் வாசல் பக்க மரத்தடிதான் எனக்கு நல்லது என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் தச்சரும் அவளும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் போட்டுவிட்டார்கள். தச்சர் ஏன் இன்னும் வீட்டில் இருக்கிறார் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

உண்மையைச் சொல்ல வேண்டும். மரத்தடி சொர்க்கமாக இருந்தது.

இலைகளுக்கு நடுவே வெயில் சின்னச் சின்னதாக விழுந்து சட்டை மேல் மேய்ந்தது. எங்கிருந்தோ ஒரு கோழி கூப்பிட்டது, அதுவும் பாதித் தூக்கத்தில். அவள் எனக்கு நார்ச்சத்து வேண்டும் என்று கீரைத்தண்டும் பச்சைக் காய்களும் ஒரு தட்டு நிறையக் கொடுப்பாள். நான் அதை மென்றுகொண்டே கண் செருகிக் கிடப்பேன். மனிதனுக்குப் புல்லின் நாரைச் செரிக்கிற நுண்ணுயிர் மண்டபம் கிடையாது, நமக்கு இருப்பதெல்லாம் பெருங்குடலில் ஏதோ கொஞ்சம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மெல்ல மெல்ல, மெல்ல மெல்ல, எனக்குள்ளும் ஓர் அறை திறந்து இன்னோர் அறை, அதைத் திறந்தால் இன்னோர் அறை என்று போய்க்கொண்டே இருந்தது.

எதிர்வீட்டுக்காரர் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரைக் கார்டு என்றுதான் கூப்பிடும். அவர் வந்து பக்கத்தில் நின்று, என்ன சார் இது, உள்ளே இடமில்லையா என்று விசாரித்தார். நான் அவருக்கு ஜீரணத்தைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். அறைக்குள் அடைந்து கிடப்பது முட்டாள்தனம், திறந்த வெளிதான் வயிற்றுக்கு உகந்தது என்றேன். பெருமை தாங்காமல் தெருவில் போகிற வருகிற எல்லாரிடமும் அதையே சொன்னேன். என் மனைவி ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். தலையை ஆட்டிப் பாராட்டுவாள்.

சில மதியங்களில் வீட்டுக்குப் பின்னாலிருந்து 'தொம்... தொம்...' என்று சத்தம் வரும். நான் கனவில் இருப்பேன். மாட்டின் பெரிய மண்டபம் நிதானமாகச் சுருங்கி விரிகிறது என்று எண்ணிக்கொள்வேன். ஒருநாள் மட்டும் எழுந்து போய் என்னவென்று கேட்டேன். பின்னறைக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள், தூசி உங்கள் ஜீரணத்துக்கு ஆகாது, அந்தப் பக்கம் வராதீர்கள் என்றாள். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தாள். என் அறையை எனக்காகச் சுத்தம் செய்கிறாள் என்று நெகிழ்ந்துபோனேன். தந்திரம் பலித்துவிட்டது. மழைக்காலம் வந்தால் வெள்ளையடித்த அறைக்குள் ராஜா மாதிரி திரும்பிப் போகலாம்.

மழைக்காலம் வருவதற்கு முன் ஒரு சாயங்காலம் தூறல் வந்தது. அத்தோடு பால்காரரும் வந்தார். அவருடைய சினைப்பசு தள்ளாடிக்கொண்டு வந்தது. அதன் இடது பக்கம் மேளம் மாதிரி உப்பியிருந்தது. ஈரப் பயறுக்கொடியை வயல் புகுந்து மேய்ந்துவிட்டதாம். வாயைத் திறந்துகொண்டு, நாக்கை வெளியே தள்ளி, மூச்சுக்கு ஏங்கியது.

அசைபோடும் மாடு ஏப்பம் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே புல் நொதிக்க நொதிக்கக் காற்று சேர்ந்துகொண்டே இருக்கும். நுரைத்துப்போய் அந்தக் காற்று வெளியேற வழியில்லாவிட்டால் வயிறு ஊதி, நுரையீரலை நெருக்கிவிடும். இதை நான் மாட்டு வயிறு செய்யும்போது படித்திருந்தேன். படிப்பது வேறு, ஒரு ஜீவன் நம் கண்ணெதிரே மூச்சுக்குத் திணறுவதைப் பார்ப்பது வேறு.

அவள் ஓடி வந்தாள். கார்டு டார்ச்சைப் பிடித்தார். நான் குடையைப் பிடித்தேன். பிறகு குடையை வீசிவிட்டுப் பசுவின் தலையைப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். அதன் மூச்சு என் கன்னத்தில் சூடாகப் பட்டது. அவள் சேற்றில் முழங்காலிட்டு, பசுவின் வாயில் நடுவே துளையிட்ட ஒரு மரக்கட்டையைக் கொடுத்து, அந்தத் துளை வழியாக ரப்பர் குழாயை அங்குலம் அங்குலமாக உள்ளே விட்டாள். வழுக்கியது. மறுபடி விட்டாள். தெருவில் போன ஒரு வண்டி வெளிச்சத்தை எங்கள் கண்ணில் அடித்துவிட்டுப் போனது. பசு மிரண்டு என் காலை மிதித்தது. நான் கத்தவில்லை. கத்தினால் அவள் கை தவறும் என்று தெரிந்தது.

கடைசியில் 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம். அதன் வாசனையை நான் இங்கே வர்ணிக்கப் போவதில்லை. அவள் அதே குழாய் வழியாக எண்ணெயை ஊற்றினாள், நுரை அடங்குவதற்காக. கொஞ்சம் கொஞ்சமாக மேளம் தளர்ந்தது. வெகுநேரம் கழித்துப் பசு தலையைத் தூக்கி, நீளமாக, நிதானமாக ஓர் ஏப்பம் விட்டது. பால்காரர் சுவரில் சாய்ந்து அழுதார். கார்டு பழக்கதோஷத்தில் டார்ச்சை மேலும் கீழும் ஆட்டிப் "போகலாம்" என்றார்.

அவள் எழுந்து நின்றாள். முழங்கால் வரை சேறு. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சுருட்டி முடித்த ரப்பர் குழாயை மறுபடி மறுபடி சுருட்டிக்கொண்டே இருந்தாள். இவள் இத்தனை வருஷமாக இப்படித்தான் தெருவில் நின்றுகொண்டிருந்தாள், நான் ஜன்னல் வழியாகப் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

என் தந்திரத்தின் மேல் எனக்கே வெறுப்பு வந்தது. அந்த நிமிஷத்தில் ஒரு மகத்தான முடிவு எடுத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"இத பாரு, நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன். இனிமே நீ தெருவுல நின்னு கஷ்டப்படக் கூடாது. என் பின்னறையை நீ எடுத்துக்கோ. வைத்தியசாலையா மாத்திக்கோ. என் சுகம் எனக்குப் பெரிசில்ல."

பால்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். கார்டு என் தோளில் தட்டினார். அவள் கண் கலங்கியது போலத்தான் இருந்தது.

"நிஜமாவா சொல்றீங்க?"

"சொன்னா சொன்னதுதான்."

"அப்ப வாங்க" என்று சாவியை எடுத்தாள்.

கதவைத் திறந்தாள். கதவு தாராளமாக அகன்றிருந்தது, எந்தக் கொம்பும் நுழையலாம். தரையில் குளம்பு வழுக்காமல் இருக்கக் கோடு கோடாகக் கீறல். நடுவே மாட்டை நிறுத்த இரும்புக் குழாய்த் தடுப்பு. தண்ணீர்க் குழாய், வடிகால், பிரகாசமான விளக்கு. சுவரில் புதுச் சுண்ணாம்பின் வாசனை. அலமாரியில், சாயம் கலைந்துவிட்டதென்று பட்டறையில் நான் தூக்கிப்போட்ட முதல் காகித மாட்டு வயிறு தூசி துடைத்து நின்றது. பால்காரர் பசுவை உள்ளே ஓட்டிக்கொண்டு வந்து தடுப்பில் நிறுத்தினார். அதுவும் பழகிய இடம் போல் நின்றுகொண்டது.

நான் இரும்புத் தடுப்பைத் தொட்டுப் பார்த்தேன்.

"இது எப்ப நடந்துச்சு?"

"நீங்க மரத்தடியில இருந்தப்பதான்."

"என்னை ஒரு வார்த்தை கேக்கலையே?"

"கேட்டமே. சுவரை இடிக்கலாமான்னு கொத்தனார் வந்து கேட்டாரே. நல்லாத் தலையாட்டினீங்களாம்."

"அது மெல்லும்போது ஆடியிருக்கும்."

"அவருக்கு எப்படிங்க தெரியும்? 'அம்மா, சாருக்கு ரொம்ப சந்தோஷம்'னு வந்து சொன்னார்."

முன்னாலேயே நேராகக் கேட்டிருக்கலாமே என்றேன். கேட்டால் யோசித்துச் சொல்கிறேன் என்பீர்கள், உங்களுக்கு ஒரு யோசனை செரிமானமாக எவ்வளவு காலம் ஆகும் என்று எனக்குத் தெரியாதா என்றாள். அதற்குள் பசு மறுபடி ஏப்பம் விட்டது. அதையே என் பதிலாக வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

ஆனால் அன்று அவள் தூங்கப் போகும் முன், நீங்களாகவே கொடுத்தீர்களே, அதுதான் எனக்குப் பெரிசு என்றாள். பூட்டிய கதவைக் கொடுத்ததும் ஒரு கொடைதான் என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

இப்போது மதியங்களில் எனக்கு மரத்தடிதான். சாயங்காலம் மட்டும் என்றிருந்தவர்கள் இடம் வந்ததும் மதியமே வரத் தொடங்கிவிட்டார்கள். ஆடு, மாடு, எருமை எல்லாம் என்னைச் சுற்றி நிழலில் தங்கள் முறைக்குக் காத்திருக்கின்றன. ஒன்று படுக்கும், அதைப் பார்த்து இன்னொன்று படுக்கும். தாடைகள் ஒரே தாளத்தில் இடமும் வலமுமாகப் போகும். அந்தத் தாளத்தில் நானும் மிதந்துகொண்டிருப்பேன். வெயில், இலை, புல், பால் வாசனை எல்லாம் ஒன்றாகிவிடும்.

நேற்று வேற்றூர்க்காரர் ஒருவர் முதல் தடவையாகக் கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். மரத்தைச் சுற்றி இடமே இல்லை. என் நாற்காலிக் கால் ஒன்றுதான் காலியாக இருந்தது. நான் கண் செருகிக் கீரைத்தண்டை மென்றுகொண்டிருந்தேன். அவர் என்னை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி, இதன் பக்கத்தில் கன்றைக் கட்டலாமா என்று உள்ளே பார்த்துக் கேட்டார்.

"தாராளமா கட்டுங்க" என்று என் மனைவியின் குரல் வந்தது. "அது முட்டாது."